அட்டை கெட்டி, முதுகு எப்படி? பிஓடியில் ஹார்ட்பவுண்ட் புத்தகம் போடுவது பற்றி

ராயப்பேட்டை ஜானி ஜான் கான் சாலையை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் ஒரு பைண்டரிடம் என் புத்தகத்தின் பிரதியைக் கொடுத்தேன். அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. நடுப்பக்கத்தை விரித்தார். இரண்டு கட்டைவிரல்களாலும் மடிப்பை அழுத்தினார். அட்டையின் முதுகுக்கும் தாள்களின் முதுகுக்கும் நடுவே தெரிந்த இடுக்கில் எட்டிப் பார்த்தார். "தையல் இல்லையேம்மா, வெறும் ஒட்டுதானே" என்றார். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அட்டையின் பளபளப்பையும் எழுத்தின் கருமையையும்தான்.

அம்மா பல வருடங்களாக நோட்டுகளில் எழுதிவைத்திருந்த குடும்பக் குறிப்புகளைத் தொகுத்து 304 பக்கப் புத்தகமாக ஆக்கியிருந்தேன். பேரப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அதைத் திறந்து படிக்க வேண்டும் என்பது ஆசை. அதனால்தான் சாதா அட்டை வேண்டாம், கெட்டி அட்டையே போடலாம் என்று முடிவெடுத்தேன். 500 பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே பிஓடி, அதாவது கேட்கும்போது மட்டும் அச்சடிக்கும் "பிரிண்ட் ஆன் டிமாண்ட்". பிரதிகள் வந்தபோது அழகாகத்தான் இருந்தன. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அட்டைகள் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. நடுவில் நாலைந்து தாள்கள் கையோடு வந்துவிட்டன.

ஏன் இப்படி ஆகிறது, எதைக் கேட்டு வாங்கியிருந்தால் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. சொந்தச் செலவில் புத்தகம் போட நினைக்கும் தமிழ் எழுத்தாளர்கள் பெருகிவரும் காலம் இது. அவர்களுக்கு இந்த விவரம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே பெயர், இரண்டு வேலை

சென்னைப் பதிப்பு வட்டாரத்தில் "பிஓடியில போட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்தில் 30, 50, 100 என்று சிறிய அளவில் அடித்து வாங்குவது. இன்று சிறு பதிப்பகங்கள் பலவும் செய்வது இதைத்தான். பிரதிகள் தீர்ந்ததும் அடுத்த 50 அடிக்கிறார்கள். இரண்டாவது, சொல்லின் நேர்ப்பொருளில் வருவது: கோப்பு ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும், வாசகர் இணையத்தில் பணம் கட்டிய பிறகுதான் அந்த ஒரே ஒரு பிரதி அச்சாகி, கட்டப்பட்டு, அவர் வீட்டுக்குப் போகும். எழுத்தாளர் கையில் புத்தகமே படாது.

இரண்டுக்கும் இயந்திரம் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுமானத்தில்தான் வித்தியாசம் வருகிறது. முதலாவதில் நீங்கள் அச்சகத்துக்கு நேரில் போகலாம், தாளைத் தொட்டுப் பார்க்கலாம், பைண்டிங்கை வேறு ஒருவரிடம் தரலாம். இரண்டாவதில் நிறுவனம் வைத்திருக்கும் நாலைந்து தேர்வுகளுக்குள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஹார்ட்பவுண்ட் என்று வரும்போது இந்த வித்தியாசம் பெரியதாகிவிடுகிறது.

முதலில் அச்சுக் கணக்கைப் பார்த்துவிடலாம். பிளேட் என்ற அச்சுத் தகடு செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சில், டெமி என்ற வழக்கமான நாவல் அளவுப் புத்தகத்தை 16 பக்க ஃபாரங்களாக, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதிகளாகப் பிரிப்பார்கள். 304 பக்கம் என்றால் 19 ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் முன்பக்கத்துக்கு ஒரு பிளேட், பின்பக்கத்துக்கு ஒரு பிளேட், ஆக 38. ஒரே ஒரு பிரதி அடித்தாலும் 38 பிளேட்டும் போட்டாக வேண்டும், இயந்திரத்தைத் தயார் செய்யும்போது வீணாகும் தாளும் போகத்தான் போகும். ஆயிரம் பிரதி அடித்தால் அந்தச் செலவு ஆயிரமாகப் பங்கிடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஐம்பது பிரதிக்கு அதுவே பெரிய சுமை.

டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. முதல் பிரதிக்கு ஆகும் செலவுதான் நூறாவது பிரதிக்கும். 1990இல் ஜெராக்ஸ் நிறுவனம் டாக்குடெக் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கோப்பிலிருந்து நேராகப் புத்தகப் பக்கங்கள் அச்சாகும் வழி அப்போது திறந்தது. 1997இல் அமெரிக்காவின் பெரிய புத்தக விநியோக நிறுவனமான இங்ராம், லைட்னிங் பிரிண்ட் என்ற பிரிவைத் தொடங்கி, கேட்டால் மட்டும் அச்சடிப்பதை ஒரு தொழிலாகவே ஆக்கியது. அதற்குப் பிறகு வந்த சுயபதிப்பு மேடைகள் எல்லாம் அந்த யோசனையின் கிளைகள். நம் பக்கத்தில் பெங்களூரில் 2008இல் போத்தி, சென்னையிலேயே 2012இல் நோஷன் பிரஸ் என்று வந்தன.

கெட்டி எங்கே இருக்கிறது

இப்போது அந்த பைண்டர் எட்டிப் பார்த்த இடுக்குக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதே அதற்குள்தான் இருக்கிறது.

ஹார்ட்பவுண்ட் புத்தகம் என்பது இரண்டு தனித்தனிப் பொருள்கள் சேர்ந்தது. ஒன்று தாள் கட்டு. இன்னொன்று அட்டைக் கூடு. கிரே போர்டு என்ற கெட்டி அட்டையில் இரண்டு துண்டுகளையும் முதுகுக்கு ஒரு பட்டையையும் வைத்து, மேலே காலிகோ துணியோ ரெக்ஸினோ அச்சடித்த லேமினேட் தாளோ ஒட்டினால் கூடு தயார். தாள் கட்டைக் கூட்டுக்குள் பிடித்துவைப்பது முன்னும் பின்னும் ஒட்டப்படும் கனமான எண்ட் பேப்பரும், முதுகில் ஒட்டும் வலைத்துணியும் மட்டும்தான். அட்டையின் முதுகு தாள்களின் முதுகோடு ஒட்டியிருக்காது. அதனால்தான் நல்ல ஹார்ட்பவுண்ட் புத்தகத்தைத் திறந்தால் முதுகில் இடைவெளி தெரிகிறது. அது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அட்டை எவ்வளவு கனமாக இருந்தாலும் அது தாள்களைப் பிடித்துவைப்பதில்லை. தாள்களை ஒன்றோடொன்று பிடிப்பது தாள் கட்டின் முதுகில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதுதான். அதற்கு இரண்டு வழி உண்டு.

பழைய வழி தையல். பெரிய தாளை மடித்து ஃபாரமாக்கி, ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பு வழியாகவும் நூலை விட்டு, அடுத்த ஃபாரத்தோடு கோத்துக்கொண்டே போவது. இதில் எந்தத் தாளும் தனித்தாள் கிடையாது. ஒவ்வொன்றும் மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாளோடு சேர்ந்த ஒரே துண்டு, நடுவில் நூல். பிய்த்தால்தான் வரும். புத்தகம் மேசையில் மலர்ந்து படுக்கும். என் தாத்தா வைத்திருந்த பழைய புராணப் புத்தகங்களை இப்போது எடுத்தால் தாள் ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது, ஆனால் தையல் விட்டதில்லை.

புதிய வழி ஒட்டு. பெர்ஃபெக்ட் பைண்டிங் என்பார்கள். தாள்களின் முதுகு ஓரத்தை வெட்டிச் சொரசொரப்பாக்கி, சூடான பசையைத் தடவி ஒட்டுவது. இதில் 304 பக்கமும் 152 தனித்தாள்கள். ஒவ்வொரு தாளையும் பிடித்திருப்பது அதன் ஓரத்தில் நூலிழை அகலத்துக்குப் படிந்த பசை மட்டுமே.

டிஜிட்டல் அச்சும் பிஓடி ஆலைகளும் இந்த இரண்டாவது வழியைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன. ஒரு பிரதி 304 பக்கம், அடுத்தது வேறு யாரோ எழுதிய 120 பக்கம், அதற்கடுத்தது 450 பக்கம் என்று மாறி மாறி வரும் வரிசையில் நின்று மடித்துத் தைப்பதற்கு நேரம் இருக்காது. ஆகவே பிஓடியில் ஹார்ட்பவுண்ட் என்று வாங்கும்போது பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒட்டிய தாள் கட்டின் மேல் கெட்டி அட்டை போட்ட புத்தகம். சாதா அட்டைப் புத்தகத்தின் உடம்புதான் உள்ளே இருக்கிறது. அட்டையின் கனம் கூடியதால் தாள்கள் மேல் விழும் இழுப்பும் கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலமாரியில் நிற்கும்போது அட்டை தாள்களைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதால் தாள் கட்டு தரையைத் தொடாது. அதன் மொத்த எடையும் எண்ட் பேப்பரில் தொங்கும்.

ஒட்டு என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பசை என்பதைப் பொறுத்தது. பரவலாகப் பயன்படுவது ஈவிஏ என்ற ஹாட் மெல்ட் பசை. விலை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் வயதாக ஆக விறைத்து வெடிக்கும், அதிகச் சூட்டில் இளகும். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனவர்களுக்கு இது தெரியும். இன்னொன்று பியூஆர் என்ற பசை. இது தாளின் ஈரத்தோடு சேர்ந்து இறுகுவது, வளைந்துகொடுக்கும், தாளை எளிதில் விடாது. விலை அதிகம். நிறுவனத்திடம் "பியூஆர் பசையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் ஹார்ட்பவுண்ட் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பக்க வடிவமைப்பிலும் இதற்கு ஒரு விளைவு உண்டு. ஒட்டிய புத்தகம் முழுதாக மலராது. உள் ஓரத்தில் இடம் குறைவாக விட்டால் வரியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். 300 பக்கத்தைத் தாண்டினால் உள் ஓரம் வெளி ஓரத்தைவிட நன்றாகவே கூடியிருக்க வேண்டும். நான் முதலில் இரண்டையும் சமமாக விட்டிருந்தேன்.

முதுகின் அகலமும் கணக்குப் போட்டே வருவது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 152 தாளுக்கு 15 மில்லிமீட்டர் வரும். அதன் மேல் இரண்டு பக்க போர்டின் கனத்தையும் சேர்க்க வேண்டும். அட்டைப்படக் கோப்பில் போர்டைச் சுற்றி உள்ளே மடிக்க ஓரமும், அட்டை திறக்கும் பள்ளத்துக்கு இடமும் விட வேண்டும். அமேசானின் சுயபதிப்பு மேடையான கேடிபி தரும் ஹார்ட்கவர் அளவுப்படம் மடிப்புக்கு 15, பள்ளத்துக்கு 10 மில்லிமீட்டர் கேட்கிறது. சாதா அட்டைக்குச் செய்த கோப்பையே இதற்கும் கொடுத்தால் தலைப்பு பள்ளத்தில் விழுந்துவிடும்.

ஈரக் காற்று

வளைந்த அட்டைகளுக்குக் காரணம் நம் ஊர்க் காற்று. சென்னை கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரம். தாளும் போர்டும் ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். லேமினேட் செய்த அட்டையின் வெளிப்பக்கத்தில் இருப்பது பிளாஸ்டிக் படலம், அது ஈரத்தை விடாது. உள்பக்கத்தில் இருப்பது வெறும் எண்ட் பேப்பர், அது குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் விரியவில்லை. அட்டை வெளிப்பக்கமாக வளையத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது துலக்கமாகத் தெரியும். துணி போர்த்திய அட்டையில் இந்தப் பிரச்சினை குறைவு, ஏனென்றால் துணியும் மூச்சுவிடும்.

இதோடு தாளின் இழையோட்டமும் சேர்ந்துகொள்கிறது. காகித ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே அதன் இழைகள் படிகின்றன. ஈரம் பட்டால் தாள் அந்த இழைகளுக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். புத்தகத்தில் இழை முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போது விரிவு வெளி ஓரத்துக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. குறுக்காக ஓடினால் விரிவு முதுகின் நீளத்தில் நடக்கும். அங்கே பசை பிடித்துக்கொண்டிருப்பதால் தாள் அலையலையாக நெளியும், திறந்தால் விறைத்து நிற்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: அதே தாளில் ஒரு துண்டை எடுத்து இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் கோட்டுக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது.

தாளைப் பற்றி இன்னும் ஒன்று. நீண்ட நாள் நிற்க வேண்டிய புத்தகத்துக்கு அமிலமில்லாத தாள் கேளுங்கள். பழைய புத்தகங்கள் பழுத்து நொறுங்குவதற்குத் தாளிலேயே இருந்த அமிலம் ஒரு முக்கியக் காரணம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வியாபாரிகளிடம் போய் ஜிஎஸ்எம் மட்டும் கேட்காமல் இதையும் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

மேடைகளும் தமிழும்

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு உலக மேடைகளில் வழி எளிது. கேடிபி 2021இல் ஹார்ட்கவரைச் சேர்த்தது. 75 முதல் 550 பக்கம் வரை போடலாம். படம் அச்சடித்து லேமினேட் செய்த அட்டை மட்டும்தான், தனியாகக் கழற்றும் மேலுறை கிடையாது. மேலுறையும் துணி அட்டையும் வேண்டுமென்றால் இங்ராமின் சுயபதிப்பு மேடையான இங்ராம்ஸ்பார்க் இருக்கிறது.

தமிழில் எழுதுபவருக்குக் கதவு அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டன. ஆனால் கேடிபி தமிழை ஏற்பது மின்னூலுக்குத்தான். நான் பார்த்தபோது அச்சு நூலுக்கான மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, அச்சுப் புத்தகம் விற்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இல்லை. இவை மாறக்கூடியவை, பதிவேற்றும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எட்டு கோடிக்கு அருகில் பேசுபவர்கள் உள்ள மொழிக்கு இது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போதைக்குத் தமிழ் அச்சுப் புத்தகத்துக்கு இந்திய நிறுவனங்களும் உள்ளூர் அச்சகங்களும்தான் கதி.

தமிழ்க் கோப்புக்கே உரிய ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆஃப்செட் அச்சகத்தில் தாள் வெளியே வரும்போது தமிழ் தெரிந்த ஒருவர் கண் அதன் மேல் படும். "ஐயா, இங்க கொம்பு தனியா நிக்குது" என்று போன் வரும். பிஓடி ஆலையில் அப்படி யாரும் இல்லை. கோப்பைச் சோதிப்பது கணினி, அதற்குப் பக்க அளவும் படத்தின் துல்லியமும்தான் தெரியும். கொம்பு இடம் மாறியிருந்தாலும், "ஸ்ரீ" இரண்டாகப் பிளந்திருந்தாலும், எழுத்துக்குப் பதில் கட்டம் வந்திருந்தாலும் அது அப்படியே அச்சாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டை, தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பழைய எழுத்துருக்களை வைத்து வேலை செய்யும் டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) கடைகள் இன்னும் உண்டு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, ஆகவே அங்கே எழுத்துரு மாற்றும்போதுதான் பிழைகள் நுழைகின்றன. பிடிஎஃப்பில் எழுத்துருவைப் பதித்துச் சேமியுங்கள். பிறகு கணினித் திரையை நம்பாமல், தாளில் அடித்து ஒவ்வொரு பக்கமாக மெய்ப்புப் பாருங்கள். நான் மூன்று முறை பார்த்தேன், மூன்றாவது முறையிலும் ஒன்பது பிழை அகப்பட்டது.

விலைக் கணக்கு

பிஓடியில் ஹார்ட்பவுண்டின் பொருளாதாரம் கடினமானது. ஒரு கணக்குக்காக மட்டும் இந்த எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், இது யாருடைய விலைப்பட்டியலும் இல்லை. புத்தக விலை 700 ரூபாய். விற்கும் தளத்தின் பங்கு 40 சதவீதம், 280 ரூபாய். ஒரு பிரதியின் அச்சு, அட்டைச் செலவு 370 ரூபாய். எழுத்தாளருக்கு மிஞ்சுவது 50 ரூபாய். விலையை 900 ஆக்கினால் 170 ரூபாய் மிஞ்சும், ஆனால் 304 பக்கத் தமிழ்ப் புத்தகத்துக்கு 900 கொடுக்கும் வாசகர் எத்தனை பேர்? ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியை வாசகர் உரிமையாகவே எதிர்பார்ப்பார். அரங்கில் உங்கள் புத்தகத்தை வைத்துக்கொள்ளும் பதிப்பகத்துக்கும் ஒரு பங்கு போகும். அச்சுப் புத்தகத்தின் விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அச்சடித்துக் கொடுக்கும் வேலைக்கு உண்டு. மதிப்பீடு கேட்கும்போதே வரியோடு சேர்த்துக் கேளுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். புத்தகம் அச்சாகும் முன்பே வாங்குபவர்களைச் சேர்ப்பது தமிழில் பழைய வழக்கம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சென்னையில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பம் இட்டவர்களின் ஆதரவைக் கொண்டுதான் அச்சுச் செலவைச் சமாளித்தார். பெயர் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் எத்தனை பிரதி என்பதும் தெரிந்துவிடும். எங்கள் குடும்பத்திலும் அம்மாவின் பழைய பள்ளித் தோழிகளிடத்திலும் நான் வாட்ஸ்அப்பில் கேட்டேன். 43 பேர் கெட்டி அட்டைதான் வேண்டும் என்றார்கள்.

எண்ணும் சட்டமும்

ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை நம் நாட்டில் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், எழுத்தாளர் தன் பெயரிலேயே வாங்கலாம். எண் வர நாளாகலாம், ஆகவே அட்டை வடிவமைப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கெட்டி அட்டைக்கு ஒரு எண், சாதா அட்டைக்கு வேறு எண், மின்னூலுக்கு இன்னொன்று. சுயபதிப்பு மேடைகள் இலவசமாகத் தரும் எண்ணை எடுத்துக்கொண்டால் பதிப்பாளர் இடத்தில் அவர்கள் பெயர் வந்துவிடலாம், அந்த எண்ணை வேறு அச்சகத்துக்கு எடுத்துப் போகவும் முடியாமல் போகலாம். விதிமுறையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சொந்தமாகப் பதிப்பிப்பவரும் சட்டத்தின் கண்ணில் பதிப்பாளர்தான். 1954ஆம் வருட நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், மற்ற மூன்று பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று எழும்பூரில் இருக்கும் நம் கன்னிமாரா நூலகம், 1896இல் திறந்தது. இந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்தபோது என் கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. தேசிய நூலகத்துக்குப் போகும் பிரதி, இருப்பதிலேயே நல்ல தாளில் அச்சானதாகவும், கட்டியோ தைத்தோ ஒன்றாக இணைத்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எழுபது வருடத்துக்கு முன் அதை எழுதியவர்களுக்கும் ஒரு புத்தகம் எப்படி நிலைக்கும் என்ற கவலை இருந்திருக்கிறது.

தையலோடு பிஓடி

கடைசியில் நான் செய்ததைச் சொல்கிறேன். வழியைக் காட்டியவர் அந்த பைண்டர்தான்.

புத்தகத்தை இரண்டாகப் பிரித்தேன். முகம் தெரியாத வாசகர்களுக்குச் சாதா அட்டைப் பதிப்பு, பிஓடி மேடையில், யார் கேட்டாலும் ஒன்று அச்சாகும். பெயர் கொடுத்த 43 பேருக்கும், நூலகங்களுக்கும், கையிருப்புக்கும் சேர்த்து 60 பிரதி தையல் போட்ட ஹார்ட்பவுண்ட்.

டிஜிட்டலில் அடித்த தாளைத் தைக்க முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தனித்தாளாக வெட்டிவிட்டால்தான் முடியாது. 13×19 அங்குலத் தாளில் ஒரு பக்கத்துக்கு நான்கு டெமி பக்கங்கள் அடங்கும். அச்சகத்தில் பக்கங்களைத் தாளில் வரிசைப்படுத்தும்போது, வெட்டுவதற்கான வரிசையில் வைக்காமல் மடிப்பதற்கான வரிசையில் வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டு முறை மடித்தால் 8 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைச் செருகினால் 16. 304 பக்கத்துக்கு 19 ஃபாரம், ஆஃப்செட்டில் வரும் அதே கணக்கு. உங்கள் பக்க எண்ணிக்கை 16ஆல் வகுபடும்படி முன்பே அமைத்துக்கொண்டால் கடைசியில் வெற்றுத்தாள் நிற்காது. 16ஆகச் செருகாமல் 8ஆகவே தைக்கலாம், ஆனால் நூல் இரட்டிப்பாகி முதுகு புடைத்துக்கொள்ளும்.

தைத்த கட்டை அழுத்தத்தில் வைத்து, முதுகில் பசையும் வலைத்துணியும் ஒட்டினார். ஒரு சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி முதுகை உருண்டையாக்கினார். இந்த உருட்டல்தான் நாளடைவில் தாள் கட்டு முன்பக்கமாகப் பிதுங்காமல் காக்கிறது. அட்டை ஒட்ட அவர் பயன்படுத்தியது மைதா பசை. அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்திருந்தார், பூச்சி வராமல் இருக்க. மேலே லேமினேட் தாளுக்குப் பதில் கருநீலக் காலிகோ, முதுகில் அச்சுப் பதித்த தலைப்பு. ஒட்டிய பிறகு எடையின் கீழ் இரண்டு நாள் வைத்திருந்தார். "அவசரப்பட்டு எடுத்தா அட்டை தூக்கிக்கும்மா" என்றார்.

பிரதிக்கு ஆன செலவு பிஓடி ஹார்ட்பவுண்டைவிடக் கூடுதல்தான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. விற்கும் தளத்துக்குப் பங்கு கொடுக்காமல் நேராகவே அனுப்பியதால் அது ஈடாகிவிட்டது. ஆயிரம் பிரதி விற்க நினைப்பவருக்கு இந்த வழி ஒத்துவராது, அவர் ஆஃப்செட்டுக்கே போகலாம். யாராவது கேட்டால் மட்டும் அச்சாகட்டும் என்பவருக்குச் சாதா அட்டைப் பிஓடி போதும், அது செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்கிறது. தையல் இல்லாத கெட்டி அட்டைக்கு இரண்டு மடங்கு பணம் கொடுப்பதைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன், பரிசாகக் கொடுத்து அலமாரியில் நிற்க வைக்கும் புத்தகமாக இருந்தாலொழிய.

அனுப்பும் செலவையும் கணக்கில் வையுங்கள். கெட்டி அட்டை எடையைக் கூட்டும். அஞ்சல் துறை பழைய புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தியது. பிறகு 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்று அறிவித்தார்கள். புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. மூலைகளுக்கு அட்டைத் துண்டு வைத்துக் கட்டுங்கள். ஹார்ட்பவுண்ட் முதலில் அடிபடுவது மூலையில்தான்.

வெளியாகி மூன்றாவது வாரம் கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் மும்பைக்கும் பார்சல் போனது. கன்னிமாராவுக்கான பிரதியை நானே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி, எழும்பூர் பக்கம் இறங்கி நடந்தேன். அம்மாவும் கூட வந்தார். வாங்கிக்கொண்ட ஊழியர் புத்தகத்தைத் திருப்பி, நடுவில் பிரித்து, முதுகை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.